ஓய்வு வயதை உயர்த்தும் திட்டத்தை எடைபோடுவது எப்படி

மக்கள்தொகையில் முதியோரின் பங்கு கூடிக்கொண்டே போகும் நாடுகளில், ஓய்வு வயதை உயர்த்துவது, சந்தாவைக் கூட்டுவது, ஓய்வூதியத்தைக் குறைப்பது என ஏதேனும் ஓர் அறிவிப்பு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்தபடியே இருக்கிறது. அரசு ஒரு கணக்கைக் காட்டும், தொழிற்சங்கம் வேறொரு கணக்கைக் காட்டும். இரண்டும் அதனதன் அளவில் சரியாகவே இருக்கக்கூடும். தம்முடைய பிற்கால வாழ்க்கையே அந்த அறிவிப்பில் அடங்கியிருக்கும்போது, அதை நிபுணர்களின் பொறுப்பில் விட்டுவிட்டு யாரும் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. பெருக்கலும் வகுத்தலும் தெரிந்த எவரும் எடைபோடக்கூடிய விஷயம்தான் இது. எந்தக் கேள்வியை எந்த வரிசையில் கேட்பது என்பதே இந்த வழிகாட்டியின் பொருள். தொடங்குமுன் ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்: ஓய்வூதியச் சட்டத்தை வேலைச் சந்தையிலிருந்து பிரித்துப் படித்தால் தவறான முடிவுக்கே வருவோம். சட்டம் ஒரு வயதை எழுதிவைக்கிறது. அந்த வயது வரை ஒருவருக்கு வேலை இருக்குமா, அதைச் செய்ய உடம்பில் தெம்பு இருக்குமா என்பதைத் தொழிற்சாலைகளும் அலுவலகங்களுமே தீர்மானிக்கின்றன.

முதலில் விகிதத்தைப் பிரித்துப் பாருங்கள்

உலக மக்கள்தொகையில் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் 2022ஆம் ஆண்டில் சுமார் 10 சதவீதம்; 2050இல் இது 16 சதவீதத்தை எட்டும் என்பது ஐக்கிய நாடுகள் சபையின் கணிப்பு. இத்தகைய எண்ணைப் பார்த்தவுடன் வேகத்தைக் கேளுங்கள். பிரான்சில் முதியோரின் பங்கு 7 சதவீதத்திலிருந்து 14 சதவீதமாக உயர ஒரு நூற்றாண்டுக்கும் மேல் ஆனது. ஜப்பானில் அதே மாற்றம் 1970க்கும் 1994க்கும் இடையிலேயே நடந்து முடிந்துவிட்டது. நூறு ஆண்டு அவகாசம் இருந்த நாட்டில் விதிகள் தலைமுறை தலைமுறையாக மெல்ல மாறின. கால் நூற்றாண்டே கிடைத்த நாட்டிலோ, ஒரு தொழிலாளி பணியில் சேர்ந்தபோது இருந்த விதி அவர் ஓய்வு பெறும்போது இருப்பதில்லை.

அடுத்து, முதுமை எதனால் கூடுகிறது என்று பாருங்கள். ஆயுள் நீள்வது ஒரு காரணம், பிறப்பு குறைவது மற்றொரு காரணம்; இரண்டுக்கும் ஒரே மருந்து போதாது. ஆயுள் நீண்டிருந்தால், நீண்ட ஆண்டுகளில் ஒரு பகுதியை வேலைக்கு ஒதுக்கச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பிறப்பு குறைந்திருந்தால், மக்கள் எத்தனை ஆண்டு உழைத்தாலும் கீழிருந்து வந்து சேரும் இளைஞர்களின் எண்ணிக்கை சுருங்கிக்கொண்டே இருக்கும். மக்கள்தொகை நிலைபெற ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தைகள் வேண்டும். தென்கொரியாவில் 2023ஆம் ஆண்டில் அது 0.72ஆக இருந்தது. அங்கே ஓய்வு வயதை மட்டும் நகர்த்தி எந்தக் கணக்கையும் நேர்செய்ய முடியாது.

உழைப்பவர்களோடு ஒப்பிட்டால் முதியோர் எத்தனை பேர் என்பதைக் காட்டும் சார்பு விகிதத்தில், வகுக்கும் எண் எது என்பதையும் தவறாமல் கேளுங்கள். 20 முதல் 64 வயது வரை உள்ள அனைவரையும் உழைப்பவர்களாகக் கொண்டு போடப்பட்ட கணக்கா, உண்மையில் வேலையில் இருந்து சந்தா கட்டுவோரை வைத்துப் போட்ட கணக்கா? வேலைக்குப் போகாத பெண்கள், வேலை கிடைக்காத இளைஞர்கள், பதிவில்லாமல் உழைப்பவர்கள் ஆகியோர் முதல் கணக்கில் இருப்பார்கள், இரண்டாவதில் இருக்க மாட்டார்கள். இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலான தொலைவு எவ்வளவு பெரியதோ, பிறப்பு விகிதத்தைத் தொடாமலேயே அந்த நாடு சரிசெய்யக்கூடியதும் அவ்வளவு பெரியது.

பிறகு காகிதத்தில் ஒரு கணக்குப் போடுங்கள்

இன்று உழைப்பவர்களின் சந்தாவிலிருந்து இன்றைய ஓய்வூதியம் வழங்கப்படும் முறையில் ஒரே ஒரு சூத்திரம்தான் இருக்கிறது. சராசரிச் சம்பளத்தில் எத்தனை சதவீதம் ஓய்வூதியமாகக் கிடைக்கிறது என்பதை, ஓர் உழைப்பாளிக்கு எத்தனை ஓய்வூதியர் என்பதால் பெருக்கினால், ஒவ்வொரு சம்பளத்திலிருந்தும் பிடிக்க வேண்டிய சந்தா கிடைத்துவிடும். ஓர் ஓய்வூதியருக்கு நான்கு உழைப்பாளிகள் இருந்து, ஓய்வூதியம் சம்பளத்தில் 40 சதவீதம் என்றால், சந்தா 10 சதவீதம். நான்கு பேர் இரண்டு பேராகக் குறைந்தால், அதே ஓய்வூதியத்துக்கு 20 சதவீதம் பிடிக்க வேண்டும். சந்தாவைப் பத்திலேயே நிறுத்தினால், ஓய்வூதியம் சம்பளத்தில் 20 சதவீதமாகிவிடும். சுமையைப் பாதிப் பாதியாகப் பகிர்ந்தால் சந்தா 15, ஓய்வூதியம் 30. மிச்சத்தை வரிப்பணத்திலிருந்து தருவதாக அரசு சொல்லலாம். அப்போது எந்த வரி, யார் கட்டுவது என்ற கேள்வி எழும்.

இப்போது ஓய்வு வயதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 100 உழைப்பாளிகளும் 50 ஓய்வூதியர்களும் இருக்கிறார்கள் என்று கொள்வோம். வயதை உயர்த்துவதால் ஓய்வூதியர்களில் ஆறு பேர் உழைப்பாளிகளின் பக்கம் வருகிறார்கள். கணக்கு 106க்கு 44 என்று மாறுகிறது. அதே 40 சதவீத ஓய்வூதியத்துக்குத் தேவையான சந்தா 20இலிருந்து 16.6 சதவீதமாக இறங்குகிறது. பெறுபவர் குறைவது, கட்டுபவர் கூடுவது ஆகிய இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதால் ஆறே பேர் இத்தனை மாற்றத்தை உண்டாக்குகிறார்கள். எல்லா நிதியமைச்சகங்களும் இந்த வழியை நாடுவதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் அந்த ஆறு பேரில் மூவருக்கே வேலை நீடித்து, மற்ற மூவர் ஓய்வூதியத்துக்கு இணையான தொகையை வேலையின்மை உதவியாகவோ உடல்குறைபாட்டு உதவியாகவோ பெறுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது கட்டுபவர் 103, பெறுபவர் 47. தேவையான தொகை 18.3 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே நிற்கும். எதிர்பார்த்த சேமிப்பில் ஏறக்குறையப் பாதி காணாமல் போய்விட்டது. அரசின் ஆவணத்தில் எந்தக் கணக்கு இருக்கிறது என்று தேடுங்கள். ஓய்வூதியச் செலவு மட்டும் குறைவதைக் காட்டி, பிற உதவித்தொகைகள் கூடுவதைக் காட்டாத ஆவணம் முழுமையற்றது.

ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் சேமிப்புக் கணக்கு தொடங்கிவிட்டால் முதுமையின் சுமை தீர்ந்துவிடும் என்ற வாதமும் அடிக்கடி எழும். ஓய்வு பெற்றவர் உண்ணும் உணவும் பெறும் மருத்துவமும், அந்த ஆண்டில் உழைப்பவர்கள் உண்டாக்குபவையே. உழைப்பவர்கள் குறைந்தால், பணம் எந்தக் கணக்கில் இருந்தாலும் பொருளும் சேவையும் குறையும். சேமிப்பு முறைக்குத் தனி நன்மைகள் உண்டு. மக்கள்தொகைக் கணக்கிலிருந்து விடுதலை அவற்றில் ஒன்றல்ல.

அந்த ஆறு பேர் எங்கே இருப்பார்கள் என்று கேளுங்கள்

எடைபோடுவதில் மிக முக்கியமான படி இதுவே. இதற்கு ஒதுக்கும் நேரத்தைக் குறைக்காதீர்கள்.

நெதர்லாந்து நல்ல படிப்பினை தருகிறது. சுமார் ஒன்றரைக் கோடி மக்கள் இருந்த அந்த நாட்டில் 1990ஆம் ஆண்டு வாக்கில் ஏறக்குறைய 9 லட்சம் பேர் உடல்குறைபாட்டு உதவித்தொகை பெற்றுவந்தனர். நாடே நோயுற்றிருக்கிறது என்று அப்போதைய பிரதமர் ரூட் லுபர்ஸ் வெளிப்படையாகவே சொன்னார். அவ்வளவு பேரும் உண்மையில் உடல் தளர்ந்துபோனவர்கள் அல்லர். ஆட்குறைப்பு செய்ய விரும்பிய நிறுவனத்துக்கு, மூத்த தொழிலாளியைப் பணிநீக்கம் செய்வதைவிட அவரை உடல்குறைபாட்டுத் திட்டத்துக்கு அனுப்புவது எளிதாக இருந்தது. தொழிலாளிக்கும் வேலையின்மை உதவியைவிட அதில் கூடுதல் தொகை கிடைத்தது. தொழிற்சங்கத்துக்கும் போராட வேண்டிய தேவை எழவில்லை. செலவு மட்டும் பொது நிதியில் விழுந்தது. பின்னர் சட்டம் மாறியது: நோயுற்ற தொழிலாளிக்கு இரண்டு ஆண்டுகள் வரை சம்பளத்தில் குறைந்தது 70 சதவீதத்தை முதலாளியே தர வேண்டும், அவரை மீண்டும் வேலைக்குக் கொண்டுவரும் முயற்சியிலும் பங்கேற்க வேண்டும் என்று 2000களின் தொடக்கத்தில் விதிக்கப்பட்டது. புதிதாகத் திட்டத்துக்குள் வருவோர் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. உடல்நலம் குன்றியவர்களை நிரந்தரப் பணிக்கு எடுக்க முதலாளிகள் தயங்கும் பக்கவிளைவும் கூடவே வந்தது என்பதை மறைக்கக் கூடாது.

தென்கொரியாவில் சிக்கல் வேறு வடிவில் இருக்கிறது. நிறுவனங்கள் ஊழியர்களுக்கு நிர்ணயிக்கும் கட்டாய ஓய்வு வயது 60க்குக் குறையக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. தேசிய ஓய்வூதியம் கிடைக்கும் வயதோ படிப்படியாக உயர்ந்து 2033இல் 65 ஆகிறது. இடையிலுள்ள ஆண்டுகளில் சம்பளமும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. வளர்ந்த நாடுகளில் முதியோர் வறுமை மிக அதிகமாக உள்ள நாடு ஒன்றில் இப்படி ஓர் இடைவெளியை விட்டுவைப்பது, என் பார்வையில், மன்னிக்க முடியாத கவனக்குறைவு. உங்கள் கையில் உள்ள திட்டத்தில் இத்தகைய இடைவெளி இருக்கிறதா என்பதை அறிய, கட்டாய ஓய்வு வயதையும் ஓய்வூதிய வயதையும் அருகருகே எழுதிப் பார்த்தாலே போதும்.

இந்தப் படியில் மூன்று எண்களைக் கேட்டு வாங்குங்கள்: 60 முதல் 64 வயதினரில் வேலையில் இருப்போரின் சதவீதம், மக்கள் உண்மையில் வேலையை விட்டு விலகும் சராசரி வயது, அந்த வயதினரில் பிற உதவித்தொகை பெறுவோரின் எண்ணிக்கை. இவை இல்லாமல் நடக்கும் விவாதம் ஊகத்தின் மேல் நடக்கும் விவாதம்.

முன்கூட்டியே ஓய்வு பெறுவோருக்கும் தள்ளிப்போடுவோருக்கும் தொகை எப்படி மாறுகிறது என்பதையும் பாருங்கள். ஜெர்மனியில் முன்கூட்டி விலகும் ஒவ்வொரு மாதத்துக்கும் ஓய்வூதியம் 0.3 சதவீதம் குறைகிறது, தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் 0.5 சதவீதம் கூடுகிறது. ஜப்பானில் தள்ளிப்போட்டால் மாதத்துக்கு 0.7 சதவீதம், 65இல் பெற வேண்டியதை 75 வரை தள்ளிப்போட்டவருக்கு 84 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும். விருப்பத்தோடு தேர்ந்தெடுப்பவருக்கு இது நல்ல ஏற்பாடு. உடம்பு ஒத்துழைக்காமல் விலகுபவருக்கோ, வாழ்நாள் முழுவதும் தொடரும் அபராதம்.

பணியிடத்தை உள்ளே சென்று பாருங்கள்

ஓய்வூதியச் சட்டத்தைப் பற்றி நூறு பக்கம் எழுதும் ஆவணங்கள் பணியிடத்தைப் பற்றி ஒரு பத்தியோடு நிறுத்திக்கொள்வதைப் பார்க்கலாம். மாற்றம் நடக்க வேண்டிய இடம் அதுதான்.

பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 2007ஆம் ஆண்டில் ஜெர்மனியின் டிங்கோல்ஃபிங் ஆலையில் ஒரு சோதனை செய்தது. பத்தாண்டுகளுக்குப் பிறகு தொழிலாளர்களின் சராசரி வயது என்னவாக இருக்குமோ, அதாவது 47, அதே சராசரி வரும்படி ஒரு உற்பத்திப் பிரிவுக்கு 42 பேரைத் தேர்ந்தெடுத்து, உங்களுக்கு எங்கே வலிக்கிறது, எதை மாற்றலாம் என்று அவர்களிடமே கேட்டது. சிமென்ட் தரைக்குப் பதிலாக மரத்தரை போடப்பட்டது. நின்றபடியே செய்த சில வேலைகளை அமர்ந்து செய்ய உயரம் மாற்றக்கூடிய நாற்காலிகள் வந்தன. சிறிய பாகங்களைப் பார்க்க உருப்பெருக்கிக் கண்ணாடிகள் பொருத்தப்பட்டன. ஒரே மூட்டு நாள் முழுவதும் தேயாதபடி வேலைகள் சுழற்சி முறைக்கு மாற்றப்பட்டன. மொத்தச் செலவு சுமார் 40,000 யூரோ. ஓராண்டுக்குள் அந்தப் பிரிவின் உற்பத்தித்திறன் 7 சதவீதம் உயர்ந்தது. ஒரு பெரிய நிறுவனத்துக்கு இது மிகச் சிறிய தொகை. வயதானவர்களால் முடியாது என்று சொல்லப்படும் இடங்களில், இதில் எதையாவது செய்து பார்த்தார்களா என்று கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது.

சம்பள முறையும் பார்க்க வேண்டிய ஒன்று. பணிமூப்பின்படி சம்பளம் ஏறிக்கொண்டே போகும் நாடுகளில், மூத்த ஊழியர் நிறுவனத்துக்குச் செலவு மிக்கவராகத் தோன்றுகிறார். ஜப்பானிய நிறுவனங்கள் பலவற்றில் 60 வயதில் ஊழியர் ஓய்வு பெற்று, மறுநாள் அதே மேசையில் குறைந்த சம்பளத்தில் மறுநியமனம் பெறும் வழக்கம் இப்படித்தான் பரவியது. விரும்பும் எவரையும் 65 வரை பணியில் வைத்திருக்க வேண்டும் என்று அங்கே சட்டம் கட்டாயப்படுத்துகிறது; 70 வரை வாய்ப்பளிக்க முயல வேண்டும் என்ற கடமையும் 2021 ஏப்ரலில் சேர்க்கப்பட்டது. வேலை காப்பாற்றப்பட்டது, சம்பளமும் மதிப்பும் காப்பாற்றப்பட்டனவா என்ற கேள்வி திறந்தே இருக்கிறது. அமெரிக்காவில் 40 வயதுக்கு மேற்பட்டோரை வயதைக் காரணம் காட்டி ஒதுக்குவதை 1967ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. கட்டாய ஓய்வும் 1986இல் பெரும்பாலான வேலைகளில் நீக்கப்பட்டது. உங்கள் திட்டம் ஓய்வூதிய வயதை உயர்த்தும் அதே மூச்சில் இத்தகைய பாதுகாப்பைத் தருகிறதா என்று பாருங்கள்.

முதியவர் விலகினால்தான் இளைஞருக்கு வேலை கிடைக்கும் என்ற வாதத்தைக் கட்டாயம் சந்திப்பீர்கள். ஒரு குறிப்பிட்ட அலுவலகத்தின் ஒரு குறிப்பிட்ட பதவியைப் பார்த்தால் அது உண்மை. முழுப் பொருளாதாரத்தைப் பார்த்தால் அப்படி இல்லை. 1970களிலும் 80களிலும் பிரான்ஸ் போன்ற நாடுகள் மூத்தோரை முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்பிப் பார்த்தன. இளைஞர் வேலையின்மை அதனால் தீரவில்லை. முன்ஓய்வுக்கான செலவு சந்தாவாக இளைஞர் சம்பளத்தின் மீதே ஏறியது.

யார் மேல் சுமை விழுகிறது என்று எழுதிப் பாருங்கள்

எல்லோருக்கும் ஒரே அளவில் வயதை உயர்த்துவது சமமாகத் தோன்றும், சமமல்ல. பதினாறு வயதில் கட்டட வேலைக்கு வந்தவரும் இருபத்தாறு வயதில் பட்டம் முடித்து வந்தவரும் 67இல் ஓய்வு பெற்றால், முன்னவர் பத்து ஆண்டு கூடுதலாக உழைத்திருப்பார்; உடலுழைப்பாளர்களின் ஆயுள் பொதுவாகக் குறைவு என்பதால் குறைந்த ஆண்டுகளே ஓய்வூதியமும் பெறுவார். டென்மார்க் இதை நேராக எதிர்கொண்டது. ஓய்வு வயதை ஆயுளோடு இணைத்து, 2040இல் 70 என்று உயர்த்தும் சட்டத்தை 2025இல் நிறைவேற்றிய அதே நாடு, 61 வயதில் 42 முதல் 44 ஆண்டுகள் வரை வேலைச் சந்தையில் இருந்தவர்கள் ஒன்று முதல் மூன்று ஆண்டுகள் முன்னதாக விலகும் உரிமையை 2022 முதல் நடைமுறையில் வைத்திருக்கிறது. பிறந்த ஆண்டை மட்டும் எண்ணாமல் உழைத்த ஆண்டுகளையும் எண்ணுவது நேர்மையான வழி என்றே நான் கருதுகிறேன்.

பெண்களின் கணக்கைத் தனியாகப் போடுங்கள். குழந்தை வளர்ப்பிலும் முதியோர் பராமரிப்பிலும் கழிந்த ஆண்டுகள் சந்தா இல்லாத ஆண்டுகளாகிவிடுகின்றன. ஜெர்மனியில் 1992 முதல் பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் மூன்று ஆண்டுகள் ஓய்வூதியக் கணக்கில் சேர்க்கப்படுகின்றன. அதோடு, உலகத் தொழிலாளர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அமைப்புசாரா வேலைகளில் இருக்கிறார்கள். சந்தாவே கட்டாத அவர்களுக்கு ஓய்வு வயது 60 என்றாலும் 70 என்றாலும் ஒன்றுதான். அவர்களை எட்டுவது வரிப்பணத்தில் தரப்படும் முதியோர் உதவித்தொகை மட்டுமே. பொலிவியாவும் நேபாளமும், வருமானம் குறைந்த நிலையிலும், அத்தகைய தொகையைப் பரவலாகத் தருகின்றன; அதனால் பணமில்லை என்ற பதிலை உடனே ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

பராமரிப்பை மறந்த திட்டத்தைத் திருப்பி அனுப்புங்கள்

60 வயதுக்காரரை வேலையில் இருக்கச் சொல்லும்போது, அவருடைய 88 வயதுத் தாயை யார் பார்த்துக்கொள்வது? ஜப்பானில் குடும்பத்தினரைப் பராமரிப்பதற்காக ஆண்டுதோறும் ஒரு லட்சம் பேர் அளவில் வேலையை விடுகிறார்கள். ஜெர்மனி 1995இலும் ஜப்பான் 2000இலும் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டைத் தொடங்கின. ஜப்பானில் 40 வயது முதல் அனைவரும் சந்தா கட்டுகிறார்கள். பாதிச் செலவு வரியிலிருந்து வருகிறது. ஒருவருக்கு எவ்வளவு உதவி தேவை என்பதை அவரவர் நிலையைப் பார்த்துப் பல படிகளாக வகுத்து, அதற்கேற்ப வீட்டுக்கு வரும் உதவியாளரோ, பகல்நேரக் காப்பகமோ, இல்லத்தில் இடமோ தரப்படுகிறது. பயன்படுத்துவோர் பெரும்பாலும் பத்தில் ஒரு பங்கைக் கையிலிருந்து கட்டுகிறார்கள். பராமரிப்புத் தொழிலாளர்களின் சம்பளம் குறைவாகவே இருந்தால் இந்த ஏற்பாடு ஆள் இல்லாமல் தடுமாறும். வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பது சில காலத்துக்குக் கைகொடுக்கும், ஆனால் அவர்களும் முதுமையடைவார்கள், அவர்களுக்கும் ஓய்வூதியம் வேண்டும்.

கடைசியாகத் தேதிகளைப் பாருங்கள்

சில நாடுகள் ஒவ்வொரு முறையும் அரசியல் சண்டை போடாமல் இருக்க, தானாகவே சரிசெய்துகொள்ளும் விதியை வகுத்திருக்கின்றன. சுவீடனில் சம்பளத்தில் 18.5 சதவீதம் ஓய்வூதியத்துக்குப் போகிறது. ஓய்வூதிய முறை தர வேண்டிய தொகைகள் அதன் சொத்தை மிஞ்சினால் ஓய்வூதிய உயர்வு தானாகவே குறையும். நிதி நெருக்கடிக்குப் பின் 2010இல் அந்த விதி முதன்முறை இயங்கி ஓய்வூதியம் குறைந்தபோது, அரசு ஓய்வூதியர்களின் வரியைக் குறைத்து அடியைத் தணித்தது. தானியங்கி விதியும் அரசியலிலிருந்து முழுவதும் விலகி நிற்பதில்லை என்பதற்கு இது சான்று.

அவகாசமே பெரும்பாலான மனவேதனையைத் தீர்மானிக்கிறது. அமெரிக்கா முழு ஓய்வூதிய வயதை 65இலிருந்து 67ஆக உயர்த்த 1983இல் சட்டம் இயற்றியது; 1938இல் பிறந்தவர்களிடம் சில மாதங்களாகத் தொடங்கி, 1960இலும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்குத்தான் முழு உயர்வும் பொருந்துகிறது. பிரிட்டனில் பெண்களின் ஓய்வூதிய வயதை 60இலிருந்து 65ஆக்கும் சட்டம் 1995இல் வந்தது, 2011இல் அது விரைவுபடுத்தப்பட்டது. தங்களுக்கு நேரில் தெரிவிக்கப்படவே இல்லை என்று 1950களில் பிறந்த பெண்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். தகவல் தெரிவித்ததில் நிர்வாகத் தவறு நடந்தது என்று நாடாளுமன்றக் குறைதீர்ப்பாளர் 2021 ஜூலையில் அறிவித்தார். ஆகவே திட்டத்தின் பின்னிணைப்பில் பிறந்த ஆண்டு வாரியான அட்டவணை இருக்கிறதா என்று தேடி, உங்கள் ஆண்டையும் உங்களுக்குப் பத்து ஆண்டு மூத்தவர்களின் ஆண்டையும் அதில் கண்டுபிடியுங்கள். மாற்றம் நடைமுறைக்கு வர அவர்களுக்கு எத்தனை ஆண்டுகள் மிச்சம் இருக்கின்றன, கடிதம் யார் பெயருக்கு எப்போது அனுப்பப்படும் என்ற இரண்டு கேள்விகளையும், மேலே கேட்டு வாங்கச் சொன்ன மூன்று எண்களையும் சேர்த்து, கருத்துக் கேட்புக்கான கெடு முடிவதற்குள் எழுத்துமூலமாக உங்கள் சட்டமன்றப் பிரதிநிதிக்கு அனுப்பிவைத்து, அதே கேள்விகளுக்குப் பதிலை எழுத்திலேயே கேளுங்கள்.